பல்லி முட்டையைப் பொரிக்க வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் யாழ்ப்பாணத்தில் ஒரே தெருவில் நெடுங்காலம் குடியிருந்தால், ஊரில் அகப்படும் புழு, பூச்சி, முட்டை எல்லாம் கடைசியில் அவன் வீட்டுப் படலைக்குத்தான் வந்து சேரும். அயல் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் பல்லி முட்டையைக் கொண்டுவந்து, 'இதைக் குஞ்சாக்கித் தாருங்கள்' என்று நிற்பார்கள். இரவு பத்து மணிக்கு ரொரன்ரோவிலிருந்து அக்காவின் மகன் அழைப்பான். அவன் அங்கே லெப்பர்ட் கெக்கோ வளர்க்கிறான். இவனிடமிருந்து என் இலக்கத்தை வாங்கிக்கொண்டு லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரே சந்தேகங்களுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக் களைத்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயர்க் குழப்பம் வேண்டாம். சுவரில் ஓடுவதை வீட்டுப் பல்லி என்றும், லெப்பர்ட் கெக்கோவைச் சிறுத்தைப் பல்லி என்றும் எழுதுகிறேன். உடம்பு முழுக்கப் புள்ளி இருப்பதால் அந்தப் பெயர். இரண்டும் பல்லி இனந்தான். ஆனால் முட்டை விடயத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

சுவிட்ச் பெட்டியைக் கழற்றியபோது உள்ளே இரண்டு வெள்ளை முட்டைகள் இருந்தன. பல்லியினதா, பாம்பினதா? வீட்டில் எல்லோரும் பயந்து போயிருக்கிறார்கள்.

பயப்பட வேண்டாம், பல்லியினதுதான். வீட்டுப் பல்லியின் முட்டை சுண்டுவிரல் நகத்தின் அளவுதான், ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். உருண்டையாக, சுண்ணாம்பு போல வெள்ளையாக, கடினமாக இருக்கும். அழுத்தினால் நெளியாது, நொறுங்கும். பெரும்பாலும் இரண்டு இரண்டாகவே இருக்கும். பாம்பு முட்டை நீளமானது, தோல் போல நெளியும், பல முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவியலாகக் கிடக்கும். அவ்வளவு பெரிய பொருளுக்குச் சுவிட்ச் பெட்டியில் இடமும் இல்லை.

தோட்டத்து மண்ணைக் கொத்தும்போது பத்துப் பன்னிரண்டு மென்மையான நீள்வட்ட முட்டைகள் அகப்பட்டால் அவை ஓணானுடையவையாக இருக்கலாம். மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போவது ஓணானின் வழக்கம். அவற்றைக் கையில் எடுத்து ஆராயாமல் மண்ணை மூடிவிடுங்கள். ஓணானா நாகமா என்று முட்டையைப் பார்த்துத் தீர்மானிக்கும் பழக்கம் உங்களுக்கு வேண்டாம்.

அதே இடத்தில் பத்துப் பதினைந்து முட்டைகள் இருக்கின்றனவே? ஒரு பல்லி இத்தனை இடுமா?

ஒரு தடவைக்கு இரண்டுதான். நல்ல பொந்து ஒன்று கிடைத்தால் பல பெண் பல்லிகள் அதே இடத்தில் இடும்; ஒரே பல்லி அடுத்தடுத்தும் இடும். சாமிப்படத்தின் பின்புறம், கதவு நிலையின் வெடிப்பு, புத்தக அலுமாரியின் பின் இடுக்கு, ஓட்டுக் கூரையின் கைமரம் ஆகியவை இவற்றின் பிரசவ விடுதிகள். பொரித்த முட்டையின் ஓடு ஆண்டுக்கணக்கில் உக்காமல் கிடக்கும். எனவே நீங்கள் எண்ணிய பதினைந்தில் பத்து வெறும் ஓடாக இருக்கக்கூடும். ஓரத்தில் துளை இருந்தால் குஞ்சு எப்போதோ போய்விட்டது.

எடுத்துப் பொரிக்க வைக்க வேண்டுமா, அப்படியே விடலாமா?

விடலாம். விடுவதே நல்லது. தாய்ப் பல்லி அடைகாப்பதில்லை, இட்டுவிட்டுப் போய்விடும். அந்த இடத்தின் வெப்பமே வேலையைச் செய்யும்.

சுவிட்ச் பெட்டி, மின்விசிறியின் அடிப்பகுதி, உடைக்கப்போகும் சுவர், எறும்பு மொய்க்கும் இடம் என்றால் மட்டும் எடுங்கள். மின்பெட்டி என்றால் முதலில் பிரதான ஆளியை நிறுத்துங்கள். பல்லிக் குஞ்சுக்காக நீங்கள் சாகத் தேவையில்லை.

கோழி முட்டையை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் புரட்டுவோமே, இதையும் அப்படிப் புரட்ட வேண்டாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள். புரட்டக் கூடாது.

எங்கள் ஊரில் அடை வைக்கத் தெரியாத வீடு குறைவு. கடகத்தில் உமி பரப்பி, முட்டை அடுக்கி, அடைக்கோழியை ஏற்றிவிடுவது அம்மம்மா காலத்திலிருந்து வரும் அறிவு. அந்த அறிவுதான் பல்லி முட்டையைக் கொல்கிறது. பதினொரு வயதில் நானும் அப்படித்தான் செய்தேன். உமிக்குள் நான்கு பல்லி முட்டைகளைப் புதைத்து, காலை, மதியம், மாலை என்று ஒழுங்காகப் புரட்டினேன். நான்கும் கெட்டன. 'சூடு காணவில்லை' என்று அம்மம்மா தீர்ப்புச் சொன்னார். தவறு சூட்டில் இல்லை என்பதைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் அறிந்தேன்.

கோழி முட்டையை உடைத்தால் மஞ்சள் கருவின் இரு பக்கமும் வெள்ளைக் கயிறு போல முறுக்கிய ஒன்று தெரியும் அல்லவா? அந்த இரண்டு கயிறுகளும் மஞ்சள் கருவை நடுவில் பிடித்து வைத்திருக்கின்றன. முட்டையை எப்படித் திருப்பினாலும் மஞ்சள் கரு உள்ளே சுழன்று, முளையம், அதாவது குஞ்சாக வளரப்போகும் கரு, மேலே வந்துவிடும். ஒரே நிலையில் கிடந்தால் முளையம் ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் கோழி தானே முட்டையைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. பல்லி முட்டையில் இந்தக் கயிறுகள் இல்லை. இட்டு ஒரு நாள் அளவில் முளையம் மேற்பக்கத்தில் தங்கிவிடும். அதன் சவ்வுகள் அங்கேயே ஓட்டின் உட்புறத்தோடு சேரத் தொடங்கும். பிறகு தலைகீழாக்கினால் மஞ்சள் கருவின் பாரம் முழுவதும் முளையத்தின் மேல் விழும், சவ்வும் கிழியக்கூடும். கோழிக்கு ஒட்டினால் கேடு. பல்லிக்கு ஒட்டியதைப் பிரித்தால் கேடு.

ஆகவே எடுப்பதற்கு முன்பே முட்டையின் மேற்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பேனை வேண்டாம். எங்கு கொண்டுபோனாலும் அந்தப் புள்ளி வானத்தைப் பார்க்க வேண்டும். 'கதவு நிலையில் இட்ட முட்டை கதவு அடிபடும்போது ஆடுகிறதே' என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஆடலாம், தலைகீழாவதில்லையே.

தீப்பெட்டிக்குள் உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது எந்தப் பக்கம் மேல் என்று தெரியவில்லை.

இருட்டறையில் ரோச் லைட்டைக் கொண்டு பார்க்கலாம். கைப்பேசி வெளிச்சத்தின் மேல் ஒரு கறுப்புக் காகிதம் வைத்து, அதில் பயற்றங்கொட்டை அளவில் துளையிட்டு, துளைக்கு மேல் முட்டையைப் பிடியுங்கள். நீண்ட நேரம் பிடிக்காதீர்கள், வெளிச்சமும் சுடும். இளம் முட்டையில் சிவந்த வளையமோ நூல் போன்ற நரம்புகளோ ஒரு பக்கத்தில் தெரியும். அந்தப் பக்கமே மேல்.

எங்கும் ஒரே சீராக மஞ்சளாக ஒளிர்ந்தால் இரண்டில் ஒன்று: மிகப் புதிய முட்டை, அல்லது கூழ்முட்டை. பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். உள்ளே பெரும்பகுதி இருண்டிருந்தால் குஞ்சு நன்றாக வளர்ந்துவிட்டது. நீங்கள் உருட்டியதை அது மன்னித்திருக்கவும் கூடும். வைத்துப் பாருங்கள்.

வீட்டுப் பல்லி முட்டையை எதில் வைப்பது? ஈரத் துணியா, மணலா?

காய்ந்த மணல். ஒரு சோடாப் போத்தல் மூடியில் அரைவாசிக்கு உலர்ந்த மணலை இட்டு, சிறு குழி செய்து முட்டையை வையுங்கள். மூடியை ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவின் மூடியில் ஊசியால் நான்கைந்து துளை போடுங்கள். வெயில் படாத அலுமாரித் தட்டில் வைத்தால் முடிந்தது. தண்ணீர் தெளிக்கவே வேண்டாம். இந்த முட்டையின் ஓடு சுண்ணாம்பாலானது. குஞ்சுக்குத் தேவையான நீர் இடும்போதே உள்ளே இருக்கிறது. எங்கள் கடல்காற்றில் இருக்கும் ஈரம் அது வற்றாமல் பார்த்துக்கொள்ளும். இரக்கப்பட்டு நாள்தோறும் தண்ணீர் தெளித்து முட்டையை மூச்சுத்திணற வைத்தவர்கள் பலர். ஓட்டின் நுண்துளைகள் வழியாகத்தான் உள்ளே ஒட்சிசன் போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

உண்மையான எதிரி எறும்பு. குஞ்சு ஓட்டைத் துளைக்கும் அன்று எறும்பு வந்தால் எல்லாம் வீண். பழைய சாப்பாட்டு அலுமாரியின் கால்களுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைப்போமே, அதே உத்திதான்: ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் டப்பாவை வையுங்கள்.

மாமா, நான் ரொரன்ரோவில் சிறுத்தைப் பல்லி வளர்க்கிறேன். நேற்று இரண்டு முட்டைகள் இட்டது. நீங்கள் சொன்ன காய்ந்த மணலிலேயே வைக்கவா?

வேண்டாம் ராசா. அதில் வைத்தால் மூன்று நாளில் வற்றல் மிளகாய் போலச் சுருங்கிவிடும். இங்கேதான் நான் முதலில் சொன்ன வேறுபாடு வருகிறது. சிறுத்தைப் பல்லி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகளின் வறண்ட நிலத்துப் பிராணி. சுவரில் ஏறாது, அதன் விரல்களில் ஒட்டும் தகடு இல்லை. கண் இமை உண்டு, கண் சிமிட்டும். எங்கள் வீட்டுப் பல்லிக்கு இமையே இல்லை, கண்ணை நாக்கால் நக்கித் துடைக்கும். முட்டையும் அதேபோல மாறுபட்டது. ஓடு கடினமில்லாமல் தடித்த காகிதம் போல இருக்கும். ஈரமான மண்ணில் புதைத்து இடும். முட்டை மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிப் பருக்கும்.

வெர்மிகியுலைட் என்ற பொரிந்த கனிமத் துகள் அங்கே செடிக் கடைகளில் கிடைக்கும். பேர்லைட்டும் ஆகும். எடைக்கு எடை தண்ணீர் சேர்த்துப் பிசை. கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. புட்டுக்கு மாக் குழைக்கும் பதம் என்று அம்மாவிடம் கேள், காட்டுவார். மூடியுள்ள டப்பாவில் இரண்டு அங்குல உயரத்துக்கு அதைப் பரப்பி, முட்டையைப் பாதி புதையும்படி, புள்ளி மேலே பார்க்க வை. மூடியில் ஒன்றிரண்டு ஊசித் துளை போதும். வாரத்துக்கு ஒரு தரம் திறந்து காற்று மாற்று. துகள் காய்ந்தால் ஓரமாகச் சில துளி தண்ணீர் விடு. முட்டையின் மேல் விடாதே.

எத்தனை நாளில் பொரிக்கும்?

வீட்டுப் பல்லி என்றால் எங்கள் வெப்பத்தில் ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் வரை பொறுத்திருங்கள். மார்கழி, தை மாத வாடையில் இட்டதென்றால் இன்னும் பின்தள்ளும்.

சிறுத்தைப் பல்லியின் நாட்கணக்கு முழுக்க வெப்பத்தைப் பொறுத்தது. 26 பாகை செல்சியஸில் இரண்டு மாதம் தாண்டும், 32 பாகையில் ஒன்றரை மாதத்தில் வந்துவிடும். நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்த கொண்டைப் பல்லியை, அதாவது க்ரெஸ்டட் கெக்கோவை, வளர்ப்பவர்கள் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டும். அதன் முட்டைக்கு 22 முதல் 26 பாகை போதும்; எங்கள் சித்திரை வெயில் அதற்கு ஆகாது. 21 நாளில் கோழிக் குஞ்சைக் கண்டு பழகியவர்களுக்கு இதெல்லாம் யுகமாகத் தோன்றும்.

எங்களிடம் கோழிக் குஞ்சு பொரிக்கும் இயந்திரம் இருக்கிறது. ஒரு மூலையில் பல்லி முட்டையையும் வைத்துவிடலாமா?

வைத்தால் அவித்த முட்டை கிடைக்கும். அந்த இயந்திரம் 37.5 பாகையில் ஓடுகிறது. பல்லி முட்டைக்கு 35 பாகையே அபாய எல்லை. போதாததற்கு அதன் தட்டு மணிக்கொரு தரம் தானாகச் சரிந்து முட்டையைப் புரட்டும். புரட்டுவதைப் பற்றி மேலே எழுதியதை இன்னொரு முறை வாசியுங்கள்.

மின்வெட்டு வந்தால் என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பல்லி முட்டைக்கு மின்சாரம் எதற்கு? ஆண்டின் பெரும்பகுதி எங்கள் அறைகள் 27 முதல் 31 பாகை வரை தாமாகவே நிற்கின்றன. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது கோழிப் பண்ணைக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். என் அலுமாரியில் இருந்த இரண்டு முட்டைகளும் அமைதியாகப் பொரித்தன. 1990இல் நின்ற மின்சாரம் ஆண்டுக்கணக்கில் வராமல், ஜாம் போத்தல் விளக்கில் நாங்கள் படித்த காலத்திலும் பல்லிகள் குறையவில்லை. விளக்கடியில் பூச்சிக்காகக் காத்திருந்தன.

குளிர் முட்டையைத் தாமதப்படுத்தும், சூடு கொல்லும். ஒன்றிரண்டு நாள் 23 பாகைக்கு இறங்கினாலும் பெரும்பாலும் தாங்கும். அரை நாள் 37இல் நின்றால் தாங்காது. தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரண், நிறுத்தி வைத்த காரின் உள், குளிர்சாதனப்பெட்டியின் பின்புறம் மூன்றையும் தவிருங்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் டப்பாவை ஒரு மண்பானைக்குள் இறக்கி, நிலத்தோடு அண்டி வைப்பேன். ரெஜிபோம் பெட்டியும் நல்லது, மீன் கடையில் கேட்டால் தருவார்கள். வாசம் போகக் கழுவுவது உங்கள் பாடு.

குளிர் நாட்டில் இருப்பவர்கள், மின்சாரம் போனால் அடைகாப்புப் பெட்டியைத் திறக்காமல் கம்பளியால் சுற்றி வையுங்கள். சுடுநீர்ப் போத்தலை முட்டை டப்பாவோடு ஒட்டி வைக்காதீர்கள்.

வெப்பத்தை வைத்து ஆணா பெண்ணா என்று நாமே தீர்மானிக்கலாம் என்கிறார்களே, கதையா உண்மையா?

சிறுத்தைப் பல்லியில் உண்மை. மனிதனிலும் கோழியிலும் கருக்கட்டும்போதே பால் முடிவாகிவிடுகிறது. சிறுத்தைப் பல்லியில் அதை முடிவு செய்வது முட்டை கிடக்கும் இடத்தின் வெப்பம். 26 பாகையில் வைத்தால் ஏறத்தாழ எல்லாமே பெண். 30 பாகை அளவில் கலந்து வரும். 32, 33 பாகையில் பெரும்பாலும் ஆண். அதற்கு மேல் 34, 35 என்று போனால் மறுபடியும் பெண்ணாகத் திரும்புகிறது. இதைக் கேட்கும் எல்லோரும் இந்தக் கடைசி வரியில்தான் புருவத்தை உயர்த்துவார்கள். அந்தச் சூட்டில் பிறக்கும் பெண்கள் ஆண்களைப் போலச் சண்டைக் குணம் கொண்டவையாகவும், முட்டையிடுவதில் பின்தங்கியவையாகவும் இருப்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அபாய எல்லையும் பக்கத்தில் இருப்பதால் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

பால் நிர்ணயம் அடைகாப்பின் முற்பகுதியிலேயே நடந்துவிடும். ஐந்தாம் வாரத்தில் வெப்பத்தைக் கூட்டி ஆண் குஞ்சு கேட்பது, பிள்ளை பிறந்த பிறகு பெயர் எண் பார்த்துச் சாதகத்தை மாற்ற முயல்வதைப் போன்றது. வெப்பமானியின் முனை முட்டையின் பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் மூடியில் ஒட்டிய வெப்பமானி வேறு கதை சொல்லும்.

எல்லாப் பல்லிகளும் இப்படியல்ல. வேறு பல இனங்களில் நிறமூர்த்தங்களே, அதாவது குரோமோசோம்களே, பாலை முடிவு செய்கின்றன.

ஆண் பல்லியே இல்லாமல் என் பல்லி முட்டையிட்டிருக்கிறது. பொரிக்குமா?

மூன்று வழிகள் உண்டு. கோழியைப் போலவே சேராமலும் முட்டையிடலாம், அது கூழ்முட்டை. அல்லது கடையில் வாங்கும் முன்பே ஆணோடு சேர்ந்திருக்கும். பெண் பல்லி விந்தைப் பல மாதங்கள் உடலில் வைத்திருந்து பயன்படுத்தக்கூடியது. ரோச் லைட் உண்மையைச் சொல்லிவிடும்.

மூன்றாவது வழி அபூர்வமானது. பசிபிக் தீவுகளில் பரவலாகவும் இலங்கையிலும் காணப்படும் லெபிடோடக்டிலஸ் லூகுப்ரிஸ் என்ற சிறு பல்லியில் ஆண் இல்லாமலே பெண்கள் பெண்களைப் பெறுகின்றன. உங்கள் சிறுத்தைப் பல்லி அந்த இனம் அல்ல, எனவே அற்புதத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டுப் பல்லியின் கழுத்தில் இரு பக்கமும் வெள்ளையாக வீங்கியிருக்கிறது. முட்டை தொண்டையில் சிக்கிவிட்டதா?

இல்லை. அது கல்சியம் சேமிக்கும் பை. சுண்ணாம்பு ஓடு செய்ய வேண்டுமல்லவா, அதற்கான கையிருப்பு. முட்டை வயிற்றில்தான் இருக்கும். கண்ணாடி யன்னலில் இரவில் பல்லி ஒட்டியிருக்கும்போது வெளிப்புறத்திலிருந்து பாருங்கள்; வயிற்றுத் தோல் மெல்லியது, இரண்டு வெள்ளை உருண்டைகள் அப்படியே தெரியும்.

முட்டையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எறிந்துவிடவா?

உடனே எறியாதீர்கள். உயிருள்ள முட்டையில் மேலோட்டமாகப் பிடித்த பூஞ்சணத்தை உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரத்தைக் குறைத்தால் பல தடவை தப்பிவிடும். முட்டையே மஞ்சளாகி, அமுங்கி, நாறினால் அது போய்விட்டது. பக்கத்து முட்டைக்குப் பரவும் முன் அகற்றுங்கள்.

முட்டையில் குழி விழுந்திருக்கிறது. இது நல்லதா கெட்டதா?

மென்னோட்டு முட்டையில்தான் இந்தக் கேள்வி வரும். எப்போது குழி விழுந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. முதல் வாரங்களில் விழுந்தால் நீர் போதவில்லை. துகளுக்குச் சிறிது தண்ணீர் விடுங்கள், ஓரிரு நாளில் மீண்டும் உப்பும். நாள் நெருங்கியபின் விழுந்தால், ஓட்டில் வியர்வை போலத் துளிகளும் தெரிந்தால், குஞ்சு வெளியே வரப்போகிறது. அந்த நேரத்தில் பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றி, வாசலில் நின்ற குஞ்சை மூழ்கடித்த ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர், பெயர் வேண்டாம்.

மீன் தொட்டிக் கண்ணாடியில் முட்டை ஒட்டியிருக்கிறது. பிளேட்டால் சுரண்டி எடுக்கலாமா?

கூடாது, ஓடு உடையும். சில பல்லி இனங்கள் இடும்போது ஈரமாக இருக்கும் ஓட்டைப் பரப்பில் அழுத்தி ஒட்டிவிடும், காய்ந்தபின் சீமெந்துதான். இலங்கையின் தென்கிழக்குப் பாறைக் குகைகளில் வாழும் கலோடக்டிலோடெஸ் இலிங்வேர்தோரம் என்ற பாறைப் பல்லி, வேறெந்த நாட்டிலும் இல்லாத இனம், குகைச் சுவரில் கூட்டமாக இப்படித்தான் ஒட்டி வைக்கிறது. இலங்கை விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல 1953இல் அதை அறிவியல் உலகுக்கு விவரித்தார்.

உங்கள் தொட்டியில் ஒட்டியிருந்தால், அடியில் துளையிட்ட ஒரு தயிர்க் கப்பை அதன் மேல் கவிழ்த்து, விளிம்பை நாடாவால் ஒட்டுங்கள். குஞ்சு அதற்குள் இறங்கி நிற்கும், பெரியவை தின்றுவிடாது. ஆம், தாயே குஞ்சைத் தின்னும். பல்லிக்குப் பிள்ளைப்பாசம் கிடையாது.

சொன்ன நாள் கடந்து ஒரு வாரமாகிறது. மெல்ல உடைத்துப் பார்க்கலாமா?

அந்தக் கையைக் கட்டி வையுங்கள். ஒரு சோடி முட்டைகளில் ஒன்று பொரித்து, மற்றது ஓரிரு நாள் கழித்துப் பொரிப்பது வழமை. வெப்பம் சற்றுக் குறைந்திருந்தால் இரண்டு மூன்று வாரம்கூடப் பின்தள்ளும். பல்லிக் குஞ்சின் மேல் உதட்டு நுனியில் முட்டைப் பல் உண்டு. பாம்புக் குஞ்சுக்கு ஒன்று, பல்லிக் குஞ்சுக்கு இரண்டு. ஓட்டைக் கீறிய பிறகும் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு பல மணி நேரம் கிடக்கும். மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை அது உள்ளே இழுத்துக்கொள்ளும் நேரம் அது. நீங்கள் உதவி செய்து இழுத்தால் மஞ்சள் கருப் பை கிழிந்து இரத்தம் போகும். ரோச் லைட்டில் பாருங்கள், மணந்து பாருங்கள், காத்திருங்கள். நாறாத முட்டையை உடைக்காதீர்கள்.

குஞ்சு வந்துவிட்டது! இப்போது என்ன கொடுப்பது?

வீட்டுப் பல்லிக் குஞ்சு என்றால் எதுவும் கொடுக்க வேண்டாம். ஐந்து சென்ரிமீற்றர் அளவில் இருக்கும் அது, பிறந்த அன்றே பெரியவர்களைப் போல ஓடத் தெரிந்தது. இரவானதும் வெளிவிளக்குள்ள சுவரின் அடியில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். வாலைப் பிடித்தால் வால்தான் கையில் மிஞ்சும். பூனை இருக்கும் வீட்டில் பூனையை உள்ளே பூட்டிவிட்டுச் செய்யுங்கள்.

சிறுத்தைப் பல்லிக் குஞ்சு மூன்று நான்கு நாள் சாப்பிடாது. முதலில் தோலை உரித்து அதைத் தின்னும், பிறகுதான் பசி எடுக்கும். தலையின் அகலத்தை விடச் சிறிய சில்வண்டுக் குஞ்சுகளைக் கல்சியம் தூளில் புரட்டிக் கொடுங்கள். தரையில் மணல் வேண்டாம், விழுங்கிவிடும். சமையலறைக் காகிதம் போதும். ஒரு மூலையில் ஈரமான ஒளிவிடம், மற்ற மூலையில் ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு. குஞ்சுகளைத் தனித்தனியே வையுங்கள், ஒன்றின் வாலை மற்றது கடிக்கும்.

பல்லி விஷம் என்கிறார்கள். முட்டையைத் தொட்ட கையால் பிள்ளை சாப்பிட்டுவிட்டான்.

பல்லிக்கும் விஷமில்லை, முட்டைக்கும் விஷமில்லை. ஆனால் பல்லிகளின் குடலில் சல்மொனெல்லா என்ற பக்டீரியா இருக்கலாம். வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரக்கூடியது அதனால்தான். பிள்ளையை இரண்டு மூன்று நாள் கவனியுங்கள், காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். இனிமேல் சவர்க்காரம் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள். டப்பாவைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். பல்லி சொல்லுக்கும் விழுந்த பலனுக்கும் பஞ்சாங்கத்தில் பக்கம் இருக்கிறது. முட்டை உடைந்ததற்குப் பலன் அதில் நான் கண்டதில்லை. ஆகவே அந்தக் கேள்வியோடு என்னிடம் வரவேண்டாம்.

மாமா, விடுமுறைக்கு வரும்போது சிறுத்தைப் பல்லி ஒரு சோடி கொண்டுவரவா? அங்கேயே பொரிக்க வைக்கலாமே.

கொண்டுவராதே. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அனுமதியில்லாமல் பிராணிகளை நாட்டுக்குள் கொண்டுவருவதைத் தடுக்கின்றன. முட்டையாகக் கொண்டுவந்தாலும் அதுதான். திரும்பிப் போகும்போது இங்குள்ள பல்லியையோ அதன் முட்டையையோ நினைவுப்பொருளாகப் பையில் போடுவதும் குற்றம். இலங்கைக்கே உரிய பல்லி இனங்கள் பல உண்டு, அவற்றைக் கடத்துபவர்களும் உண்டு. சந்தேகமென்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் கேள். கிலோக் கணக்கில் சொக்லேட் கொண்டு வா, யாரும் தடுக்க மாட்டார்கள்.

எங்கள் டப்பாவில் பொரித்த குஞ்சு பெரிதாகி எங்கள் வீட்டுக்கே வந்து முட்டையிடுமா?

நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டது. வீட்டுப் பல்லி ஓராண்டுக்குள் முட்டையிடும் பருவத்தை அடைந்துவிடும், பிறந்த சுவரை விட்டு அதிக தூரம் போகவும் தேவையில்லை. ஆனால் அதே குஞ்சுதான் என்று எப்படி அடையாளம் காண்பது என்று அவளிடமே திருப்பிக் கேட்டேன். யோசித்துவிட்டு, பொரித்த ஓட்டில் பென்சில் புள்ளி இருக்கிறதுதானே, அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிடுகிறேன், பக்கத்தில் புதிய முட்டை வந்தால் சொல்கிறேன் என்றாள். போன ஆவணியில் வைத்தாள். பங்குனியில் பக்கத்தில் இரண்டு இருந்தன. யாருடையவை என்று தெரியாது. படத்தை யாரும் கழற்றக் கூடாது என்று வீட்டில் கட்டளை போட்டிருக்கிறாள்.